மேட்டிலிருந்து வந்த ஜீரோ

உங்கள் ஊரில் நேற்று இத்தனை மில்லிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்களே, அதை அளந்த பாத்திரம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மொட்டை மாடியிலா, மரத்தடியிலா, யாரோ ஒருவர் கொல்லையிலா? தெரியாது, இல்லையா. வெட்கப்பட வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவள் இருபத்திரண்டு வருடம் வானிலை அலுவலகத்தில் மழையை முன்கூட்டிச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள். அவளுக்கே தெரியாமல்தான் இருந்தது. அந்தத் தெரியாமையால் ஒரு மனிதர் சிறைக்குப் போகப் பார்த்தார்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆனாலக்கா’ என்று பெயர். மற்றவர்கள் “இன்று வானம் தெளிவாக இருக்கும்” என்று முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் அவள் “ஆனால்” என்று ஆரம்பிப்பாள். ஆனால் இல்லாமல் ஒரே ஒரு வரி சொல்லுங்கள் மேடம் என்று பத்திரிகைக்காரர்கள் போனில் கெஞ்சுவார்கள். அவள் சொல்ல மாட்டாள். கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்காரரின் மகள். நாற்பது கடிகாரங்கள் நாற்பது நேரம் காட்டும் அறையில் வளர்ந்தவளுக்கு எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்பும் வியாதி வரவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவள் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. பால்காரர் தெருமுனையைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்தாள்.

அவள் கணவன் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். தாங்களே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் அதற்கு முகம் சுளித்துச் சுளித்துக் கடைசியில் அவர்களுக்கே முகம் வலித்து விட்டுவிட்டார்கள். மனைவியின் சந்தேகப் புத்தியைக் கேலி செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவனுக்கென்று ஒரு புலம்பலும் உண்டு. சாப்பாட்டு மேஜையில் தட்டு வந்ததும் அது ஆரம்பிக்கும். “மேட்டு வளைவு வரைக்கும் வைப்பர் அடிச்சு அடிச்சு ரப்பர் கிழியுது. வளைவைத் தாண்டினா கண்ணாடியில தூசி. டிப்போல புது ரப்பர் கேட்டா, மழையே பெய்யாத ரூட்டுக்கு ரப்பர் எதுக்குன்னு கேக்கறான்.” அவள் மென்றுகொண்டே தலையாட்டுவாள். வீட்டில் சொல்லும் புலம்பலை யார் குறித்துவைக்கிறார்கள்?

அவளுடைய வேலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோடைக் காலையில் வானம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தால் ஊர் சந்தோஷப்படும். அவளுக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டும். வெயில் மலைச்சரிவைச் சுடும். சுட்ட சரிவை ஒட்டிய காற்று மேலே ஏறும். பள்ளத்தாக்கில் ஈரம் தேங்கியிருந்தால் அதையும் வாரிக்கொண்டு ஏறும். மதியம் இரண்டு மணிக்கு முகட்டின் மேல் ஒரு காலிஃப்ளவர் முளைக்கும். மூன்று மணிக்கு அது கோட்டையாகிவிடும். மேல்காற்று வேகமாக இருந்தால் அந்தக் கோட்டையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பத்து ஊருக்கும் மழையைப் பங்கு வைக்கும். மேல்காற்று செத்துக் கிடக்கும் நாளில்தான் ஆபத்து. மேகம் நின்ற இடத்திலேயே நின்று ஒரே ஓடைக்குள் மொத்தத்தையும் கொட்டும். கீழே ஊரில் சொட்டு விழாது. கொடியில் துணி காயும். ஒன்றே கால் மணி நேரம் கழித்து, வறண்டு கிடந்த ஓடையில் மண்சுவர் ஒன்று எழுந்து நடந்துவருவது போலத் தண்ணீர் வரும்.

ஓடையின் குறுக்கே ஊருக்கு வெளியே ஒரு தரைப்பாலம். பக்கத்தில் கம்பத்தில் ஒரு சைரன். அதை ஒலிக்கச் செய்ய வானிலை அலுவலகம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆனாலக்கா மேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு கோடையில் ஒரே மாதத்தில் இரண்டு முறை சைரன் அலறியது, தண்ணீர் வரவில்லை. கல் உடைக்கும் ஆலைக்காரர்கள் வேலை கெட்டது என்று மேலிடத்தில் போய் நின்றார்கள். மேலிடம் ஒரு விதி போட்டது: மேகம் மட்டும் போதாது, மேட்டில் இருக்கும் மழைமானி அரை மணிக்குள் இருபது மில்லிமீட்டர் காட்டினால்தான் சைரன். ரேடார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நூறு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் இன்னொரு மலை. அதற்கு மேகத்தின் தலை தெரியும். அடியில் கொட்டுகிறதா, சும்மா உறுமுகிறதா என்பது தெரியாது. ஆகவே எல்லாம் அந்த ஒரு மானியின் கையில்.

மானியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சாலைப் பணியாளர். மலைப்பாதையில் விழும் கல்லை அகற்றுவார், அடைபட்ட வடிகாலைக் கிண்டுவார். மேலே பயணியர் பங்களாவை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தார். மேகம் கூடிய நாட்களில் அரை மணிக்கு ஒருமுறை மானியில் சேர்ந்த நீரை அளந்து போனில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குக் கூடுதல் வேலை. அவர் குரல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். “மேட்டு ஸ்டேஷன். மழை ஜீரோ.” வைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஜீரோ’ என்றே பெயர் விழுந்துவிட்டது. போன் அடித்தால் போதும், எடுக்கும் முன்பே யாராவது ஜீரோ என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள்.

போன கோடையில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு பிற்பகல், மேல்காற்று செத்த நாள். ஆனாலக்காதான் பணியில் இருந்தாள். மேகம் முகட்டின் மேல் கருத்து நின்றது. அவள் மேட்டுக்கு மூன்று முறை போன் போட்டாள். மூன்று முறையும் ஜீரோ. விதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கே கால் மணிக்குத் தண்ணீர் தரைப்பாலத்தில் ஒரு டிராக்டரை உருட்டிக்கொண்டு போனது. கல் ஆலையில் வேலை முடித்துத் திரும்பிய ஆறு பேர் அதில் இருந்தார்கள். நான்கு பேரை இழுத்துப் போட்டார்கள். மற்ற இருவர், அக்காளும் தங்கையும், மறுநாள் கிடைத்தார்கள்.

இயற்கையின் சீற்றம் என்று முதலில் எழுதினார்கள். இயற்கைக்கு மெமோ கொடுக்க முடியாது, ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் எதையும் அதன் தலையில் போடுவது சுலபம். ஊர் அடங்கவில்லை. சைரன் ஏன் ஊதவில்லை என்று கேட்டது. ஊர் கேள்வி கேட்கும்போது அலுவலகங்களுக்குக் கடைசி வரிசை ஊழியர் ஒருவர் தேவைப்படுவார்.

அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் ஆனாலக்காதான்.

அந்த அக்காளும் தங்கையும் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து கோடைகளின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தோண்டினாள். மேகம் அடர்ந்து நின்ற பிற்பகல்கள் நாற்பது. அதில் முப்பத்தெட்டு நாள் மேட்டில் ஜீரோ. அப்படி எந்த மலையும் காயாது. ஆள் மானியிடம் போகவே இல்லை, வீட்டுக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜீரோ சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். மூன்று பக்கக் குறிப்பு எழுதினாள். அரைப்பக்கத்துக்கு மேல் எதையும் படிக்காத பெரிய சார் அந்த மூன்று பக்கத்தை இரண்டு முறை படித்தார். அபாரம் என்று பாராட்டினார். டீ வரவழைத்தார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நமக்குப் பிடித்த முடிவை ஒருவர் ஆமோதித்துவிட்டால் நம் சந்தேகம் பாய் விரித்துப் படுத்துவிடுகிறது.

பத்து மாதம் கழித்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள், ஒரு வியாழக்கிழமை. பொய்ப் பதிவு, கடமை தவறியது, இரண்டு உயிர்ச்சேதத்துக்குக் காரணமானது. நிரூபணமானால் வேலை போகும், பிறகு போலீஸ் வரும். அதுவரை அவரே மானியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தார்கள். அந்தக் குளிரில் போய்க் குடியிருக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. பொய்யர் என்று குற்றம் சாட்டிவிட்டு அவர் சொல்லும் எண்ணையே நம்பி இன்னொரு கோடையை ஓட்டினார்கள். இதில் உள்ள கோணலை அலுவலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முன் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஆனாலக்காவுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலை, வானில் ஏற்றிய பலூன் அனுப்பிய எண்கள் வந்தன. பள்ளத்தாக்கில் ஈரம் நிறைய. மேல்காற்று இல்லவே இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. “இன்னைக்கு மூணு மணிக்குள்ள மேட்டுல கொட்டும்” என்று குறித்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று அரைநாள் விடுப்பு எழுதி, கணவனின் பஸ்ஸில் ஏறினாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, என்னை வேவு பார்க்கத்தானே வந்திருக்கிறாய் என்று கேட்டான். இன்று நீ இல்லை, வேறு ஆள் என்றாள்.

மூன்று மணி ஐந்து நிமிடம். மேட்டு வளைவுக்குக் கீழே முதல் சொட்டு கண்ணாடியில் வந்து உடைந்தது. அடுத்த நிமிடம் பஸ் ஓர் அருவிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆலங்கட்டி கூரையைத் தட்டியது. ஜன்னல் இடுக்கு வழியே வந்த தண்ணீர் அவள் தோளை நனைத்தது. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்: மணிக்கு எண்பது மில்லிமீட்டருக்குக் குறையாது. இன்று சொல்லட்டும் பார்க்கலாம் ஜீரோ.

பஸ் வளைவைச் சுற்றி முகட்டைத் தாண்டியது. அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் பங்களா. அதுதான் கடைசி நிறுத்தம். இறங்க இறங்க மழை மெலிந்தது. பிறகு தூறலாயிற்று. பங்களா வாசலில் பஸ் நின்றபோது சக்கரத்தைச் சுற்றித் தூசி கிளம்பியது.

அவள் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்வது தவறு. கவனித்தாள். ஆனால் பிடிக்க வந்த கள்ளன் மேல் கண் இருந்தது. குனிந்து ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், நாற்பத்தெட்டு வயதில்.

ஓட்டு வீட்டின் பின்பக்கம் மானி நின்றது. அவர் ஏற்கெனவே அதன் அருகில் இருந்தார். கட்டிலில் இல்லை. கையில் அளவுக் கண்ணாடி. புனலை எடுத்து வைத்தார், உள்ளே இருந்த குவளையைக் கண்ணாடியில் கவிழ்த்தார், கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். பிறகு தலையைத் திருப்பாமலே பேசினார்.

“தொட்டிக்குப் பின்னாடி தேள் இருக்கும் மேடம். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க.”

அவள் வந்தாள். முட்டியில் மண்.

“பதினோரு வருஷத்துல ஆபீஸ்லேருந்து ஒரு ஆள் இந்த மானியைப் பாக்க வர்றது இன்னைக்குத்தான்” என்றார். “அதுவும் ஒளிஞ்சு.”

அந்த வரி அவளை எங்கோ குத்தியது. எங்கே என்று தேட அப்போது நேரமில்லை. குவளையை வாங்கி விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அடியில் தூசியும் ஒரு செத்த எறும்பும். அவள் தோளில் இன்னும் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

“அங்க கொட்டுதே.”

“தெரியும் மேடம். அந்தப் பக்கம் கொட்டினா இந்தப் பக்கம் காயும். எப்பவும் அப்படித்தான்.”

“தெரிஞ்சே ஜீரோன்னு சொன்னீங்களா?”

“மானியில என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லணும், சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மொதல்ல ரெண்டு மூணு தடவை, மழை அந்தப் பக்கம்னு சொல்லிப் பாத்தேன். நம்பரை மட்டும் சொல்லுய்யான்னு வச்சுட்டாங்க.”

மானி முகட்டின் மேல், வளைவில்தானே இருக்க வேண்டும் என்று கேட்டாள். அவளிடம் இருந்த வரைபடத்தில் அங்கேதான் புள்ளி இருந்தது. அவர் பங்களாவை நோக்கிக் கையை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஜீப்பில் ஒரு சார் வந்தாராம். வளைவில் ஜீப்பை நிறுத்த இடமில்லை, சறுக்குகிறது, இங்கே என்றால் வண்டி வாசலுக்கே வரும் என்றாராம். சிமெண்ட் மேடையை அங்கேயே விட்டுவிட்டு மானியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து வைக்கச் சொன்னாராம். எந்த சார் என்று கேட்டாள். பெயர் யார் சொன்னார்கள், கூலிங் கிளாஸ் போட்டிருந்தார், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

“அளந்தது நான் மேடம்” என்றார். “வச்சது நீங்க.”

மணி மூன்று இருபத்தைந்து. மேகம் நகரவில்லை, அது அவளுக்குக் காலையிலேயே தெரியும். முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த தண்ணீர் ஓடைக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். நான்கு இருபதுக்குத் தரைப்பாலம். கல் ஆலை விடுவதும் நான்கு மணிக்கு. அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பணியில் இருந்தவன், அக்கா மேட்டு மானி ஜீரோ காட்டுதே, விதி இருக்கே, நீங்க வேற லீவுல இருக்கீங்க என்று இழுத்தான். அவனை மட்டும் எப்படித் திட்டுவது? போன வருடம் அதே நாற்காலியில் அதே விதியோடு உட்கார்ந்திருந்தவள் அவள்.

போனை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“நீங்க கூப்பிட்டு முப்பதுன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை.”

அவர் நோட்டை மூடிச் சட்டைப் பையில் போட்டார். “பொய் எழுதினேன்னுதானே வியாழக்கிழமை என்னை நிக்க வைக்கப் போறீங்க? அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது எழுதிடச் சொல்றீங்களா?”

அவர் குனிந்து மானியின் அடிக்கட்டையில் இருந்த திருகைக் கழற்ற ஆரம்பித்தார். அரசாங்கக் கருவியை அனுமதியின்றி இடம் மாற்றுவது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். “பொய் வேணாம் மேடம். மழை இங்க வரலைன்னா மானி அங்க போகட்டும். உங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கிறார், வாங்க.”

பஸ்ஸில் பதினேழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஓர் உருளையைச் சுமந்துகொண்டு ஏறுவதைப் பார்த்த ஒரு முதியவர், பஸ்ஸிலேயே மண்ணெண்ணெய் ஊத்த ஆரம்பிச்சுட்டாங்களா என்று கேட்டார். வளைவில் மழை முன்பைவிட மோசமாக இருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினான். மேடை அங்கேதான் இருந்தது, பாசி பிடித்து, அலுவலக எண் பொறித்த தகடோடு. மூன்று மணி முப்பத்தேழுக்கு அவர் ஓடிப்போய் மானியை மேடையில் நிறுத்தி, மட்டம் பார்த்துவிட்டு ஓடிவந்தார். இடி விழும் முகட்டில் மனிதன் நிற்கக் கூடாது. எல்லோரும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, மழைக்குள் ஒரு தகரப் பாத்திரம் நனைவதைப் பார்த்தார்கள்.

பதினைந்து நிமிடம் என்றால் எத்தனை நீளம் என்று பஸ் நிற்கும்போதுதான் தெரியும். ஒரு அம்மா தன் மகள் வீட்டில் காத்திருப்பாள் என்றார். இன்னொருவர் கம்ப்ளெயின்ட் எழுதுவேன் என்றார். ஆனாலக்கா இருக்கைகளுக்கு நடுவே நின்று விஷயத்தைச் சொன்னாள். இந்த பஸ்ஸும் அந்தத் தரைப்பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதையும் சொன்னாள். பேச்சு அடங்கியது.

“இந்த வளைவுல கொட்டும், அந்தப் பக்கம் காயும்னு நான் சாப்பாட்டு மேஜையில எத்தனை வருஷமா கத்தறேன்?” என்றான் டிரைவர், திரும்பாமல்.

“நீ ரப்பர் கேட்டே” என்றாள் அவள். “மழையைப் பத்திச் சொல்றேன்னு நான் நினைக்கல.”

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் மானியை எடுத்துக்கொண்டு வந்தார். அளவுக் கண்ணாடி ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டர் கொள்ளும். முதல் தடவை நிறைந்தது. ஜன்னல் வழியே கொட்டினார். இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது நான்கில் நின்றது. பதினேழு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கம்ப்ளெயின்ட்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலேதான் என்று உறுதி செய்தார்.

சாலைப் பணியாளர் போனை எடுத்தார். குரல் எப்போதும் போலவே இருந்தது. “மேட்டு ஸ்டேஷன். மழை இருபத்து நாலு. பதினஞ்சு நிமிஷத்துல.”

எதிர்முனை எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொன்னது. பிறகு, “அண்ணே, நீங்கதானா பேசறது?” என்று கேட்டது.

நான்கு மணிக்குச் சைரன் ஒலித்தது. கல் ஆலையின் டிராக்டர் கரையிலேயே நின்றது. நான்கு இருபத்திரண்டுக்கு அந்த மண்சுவர் வந்தது. பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளை ஒடித்துக்கொண்டு போனது. கம்பிகளை மட்டும்.

ஊர் ஆனாலக்காவைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோரு வருடத்தில் ஒரு ஆள் கூட வரவில்லை. அந்த வரி குத்திய இடம் இப்போது தெரிந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மானியையும் அலுவலகத்திலிருந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தாள் நிரப்ப வேண்டும். இடம் மாறியிருக்கிறதா, அருகில் மரமோ சுவரோ மறைக்கிறதா, மட்டம் சரியா என்று பன்னிரண்டு கேள்விகள். புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்தாள். எல்லாத் தாளிலும் ஒரே விடை, ஒரே வரிசையில், ஒரே எழுத்துப்பிழையோடு: ‘மாற்றமிள்ளை.’ போன வருடத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வருடத் தாளை நிரப்புவது அங்கே வழக்கம். மேஜையை விட்டு எழ வேண்டியதில்லை. பிழை கூட மாறாது. பத்துத் தாள்கள் இருந்தன. மூன்றில் அவள் கையெழுத்து. மார்ச் மாதம், வேலை நெருக்கடி, யாரோ நீட்டினார்கள், போட்டாள். எதையும் நம்பாதவள் தன் அலுவலகத்துத் தாளை நம்பினாள். முதல் வருடத் தாள், மானி இடம் மாறிய வருடத்தின் தாள், இல்லை. கோப்பின் நூலில் அது கிழிந்த ஓரம் மட்டும் தொங்கியது.

பெரிய சார் கூப்பிட்டனுப்பினார். செவ்வாய்க்கிழமை நடந்தது ஒழுங்குமீறல்தான், ஆனாலும் நல்லதாக முடிந்ததால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மானி எங்கே இருந்தது, யார் மாற்றியது என்று விசாரணையில் கிளற வேண்டாம் என்றார். மேட்டுக்காரர் கடைநிலை ஊழியர், வேறு வேலை தேடிக்கொள்வார்; அலுவலகத்தின் பெயர் கெட்டால் ஊர் இனி எச்சரிக்கையையே நம்பாது என்றார். அநியாயத்துக்கு எப்போதும் பொதுநலச் சட்டை ஒன்று தைத்து வைத்திருப்பார்கள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தத் தாள்ல உன் கையெழுத்தும் இருக்கும்மா. யோசிச்சுப் பேசு.”

போக எழுந்தவள் நின்றாள். “கோப்பை நான் இன்னைக்குக் காலையிலதான் சார் எடுத்தேன். மார்ச்ல புதுத் தாளைக் கோக்கறதைத் தவிர அந்தக் கோப்பை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைன்னு கிளார்க் சொன்னார். என் கையெழுத்து இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கூலிங் கிளாஸை மேஜையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பதினோரு வருடத்துக்கு முன் ஜீப்பில் சுற்றும் பதவியில் அங்கே மூன்று பேர் இருந்தார்கள், அவரும் ஒருவர். மூன்று பேரும் கூலிங் கிளாஸ் போட்டவர்களாகவும் இருந்திருக்கலாம். அவளுக்குச் சந்தேகம் இருந்தது, நிரூபணம் இல்லை. போன வருடம் இதே நிலையில்தான் மூன்று பக்கம் எழுதினாள். இந்த முறை எழுதவில்லை.

வியாழக்கிழமை விசாரணை அறையில் வெளியூர் அதிகாரிகள் மூவர். சாலைப் பணியாளர் இஸ்திரி போட்ட சட்டையில், சுவரோரம், கையில் தன் நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலக்கா தன் பழைய குறிப்பு தவறு என்றாள். பஸ் பயணிகள் பதினேழு பேரின் பெயரையும் முகவரியையும் கொடுத்தாள். பிறகு அந்த மூன்று தாள்களை மேஜையில் வைத்தாள்.

“இந்த மூணு வருஷமும் நான் மேட்டுக்குப் போகல. போன மாதிரி எழுதினேன். பொய் எழுதினவங்களை விசாரிக்கத்தான் கூடியிருக்கீங்கன்னா, நாற்காலியை மாத்திப் போடுங்க.”

அவர் மீதான குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். ‘நடைமுறைக் குறைபாடு’ என்று அறிக்கை முடிந்தது. குறைபாட்டுக்குப் பெயரும் முகமும் கிடையாது என்பது அதில் ஒரு வசதி. முகம் வேண்டும் என்று வற்புறுத்தியவளை எச்சரிக்கைப் பணியிலிருந்து எடுத்துப் பதிவறைக்கு அனுப்பினார்கள். பெரிய சார் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். மானி வளைவுக்குத் திரும்பியது. ஜீரோ இப்போது தினமும் இரண்டு கிலோமீட்டர் ஏறிப்போய் அளக்கிறார். அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லையாம். டிரைவருக்குப் புது ரப்பர் கிடைத்தது.

அந்த அக்காளும் தங்கையும் திரும்பி வரவில்லை. ஆனாலக்கா பதிவறையில் மற்ற மானிகளின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அறுபத்தொரு மானிகள். இதுவரை பதினெட்டில் அதே எழுத்துப்பிழை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கணவனும் போய் ஒவ்வொன்றையும் நேரில் பார்க்கிறார்கள். ஒன்று மாமரத்தடியில் நிற்கிறது. ஒன்று பள்ளிக்கூட மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.

அவர்கள் இரண்டே பேர். உங்கள் ஊர் மழைமானிக்கு அவர்கள் வர மாட்டார்கள். ஆகவே இந்த வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். அது எங்கே நிற்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் எழுதிக் கேளுங்கள். பிறகு போய்ப் பாருங்கள். மேலே வானம் தெரிகிறதா, இல்லை கிளை தெரிகிறதா? கடைசியாக இதைப் பார்க்க வந்தவர் யார், எந்தத் தேதியில் என்று கேட்டு, அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ‘மாற்றமில்லை’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நில்லுங்கள். எழுதியவரை வரச் சொல்லுங்கள்.